குலவைக்கு மேலே கேட்க வேண்டிய சொல்

புதிதாக வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகளுக்கு,

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். ஒன்றைச் சொல்ல ஆரம்பித்து வேறொன்றுக்குப் போய்விடுவேன். பேர்கள் மறந்து போகின்றன, வருஷங்கள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. கூட்டத்தில் வந்து பேசுங்கள் என்று நீங்கள் கூப்பிட்ட அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. நாலு பேர் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச்சு நின்றுபோகும். இந்த வயசிலும் அது மாறவில்லை. அதனால்தான் எழுதித் தருகிறேன் என்றேன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் இப்போது பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் மனித உரிமை வகுப்பு எடுக்கிறீர்கள். கையில் அச்சடித்த புத்தகம் இருக்கிறது. சுவரில் படம் விழுகிற மிஷின் இருக்கிறது. எங்களுக்கு இருந்தது ஒரு கிட்டங்கி. சங்கரன்கோவிலில் ரயிலடிக்குப் போகிற ரோட்டில், தறிக்காரர்களுக்கு நூல் கட்டு அடுக்கி வைத்திருந்த இடம். சும்மா பூட்டிக் கிடந்ததைக் கேட்டு வாங்கியிருந்தார்கள். எவ்வளவு பெருக்கினாலும் மூலையில் பஞ்சு சேர்ந்துகொண்டே இருக்கும். அந்தப் பெருக்குகிற வேலைக்குத்தான் நான் போனேன். என் வீட்டுக்காரர் இறந்துபோன மறு வருஷம் அது.

வகுப்பு நடத்தியவர் பாளையங்கோட்டையிலிருந்து வந்த ஒரு கிறிஸ்தவ டீச்சர். பேரைச் சொல்லமாட்டேன், பேர் போட்டுப் பேசுவது அவர்களுக்குப் பிடிக்காது. பிள்ளைகள் ‘பெரிய டீச்சர்’ என்பார்கள். அவர்கள் வராத நாட்களில் பிள்ளைகளை உட்கார வைத்து எழுத்துச் சொல்லிக் கொடு என்று என்னிடம் சொன்னார்கள். எனக்கு அஞ்சாம் வகுப்புதானே என்றேன். “அவர்களுக்கு ஒன்றாம் வகுப்பே இல்லையே” என்றார்கள். அப்படித்தான் நான் ‘சின்ன டீச்சர்’ ஆனேன். அந்தப் பேரை யாராவது ரோட்டில் கூப்பிட்டால் வெட்கத்தில் முந்தானையை இழுத்துக்கொண்டு வேகமாக நடந்துவிடுவேன்.

வந்த பிள்ளைகள் எல்லாம் பெண் பிள்ளைகள். விடியும் முன்னே தீப்பெட்டி ஆபீஸ் பஸ் தெருமுனையில் வந்து நின்று ஹாரன் அடிக்கும். குருவிகுளம் பக்கம் கொண்டுபோய், பொழுது சாய்கிற நேரத்துக்குத் திரும்பக் கொண்டுவந்து இறக்கிவிடும். இறங்கிய கையோடு கிட்டங்கிக்கு வருவார்கள். விளக்கு வைத்துக் கொஞ்ச நேரம்தான் வகுப்பு, அதற்குள் பாதிப் பேர் தூங்கி விழுவார்கள். விழித்திருக்கிற பிள்ளைகளின் விரல்கள் மடியில் சும்மா இருக்காது. பாடம் கேட்டுக்கொண்டே இல்லாத குச்சியை இல்லாத சட்டத்தில் அடுக்கிக்கொண்டிருக்கும். அது அவர்களுக்கே தெரியாது.

உலகம் முழுக்க இது குழந்தைகளுக்கான வருஷம் என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அந்த வருஷம் நடந்ததைத்தான் சொல்லப்போகிறேன்.

பெரிய டீச்சர் அட்டைகள் கொண்டுவருவார்கள். வெளிநாட்டுப் படங்கள். சுரங்கத்தில் கரி சுமக்கிற பையன், பஞ்சத்தில் வயிறு உப்பிய பிள்ளை. ஒரு அட்டையில் பூங்கா பெஞ்சு. அந்தத் தேசத்தில் கறுப்பு ஆட்கள் அந்தப் பெஞ்சில் உட்காரக் கூடாதாம். “இது நியாயமா?” என்று கேட்டார்கள். கிட்டங்கி அதிரும்படி “நியாயம் இல்லை” என்று பிள்ளைகள் கத்தினார்கள். பெரிய டீச்சர் முகமெல்லாம் சந்தோஷம்.

அப்போது ஒரு பிள்ளை கேட்டது: “உக்காந்தா என்ன செய்வாவ டீச்சர்?”

“போலீஸ் பிடித்துக்கொண்டு போகும்.”

“நல்ல ஊருதான். எங்க தெருப் பிள்ளைக டீக்கடை பெஞ்சுல உக்காந்தா போலீஸுக்கெல்லாம் சொல்ல மாட்டாவ. அங்கனயே வச்சு அடிச்சிருவாவ.”

பெரிய டீச்சர் அட்டையைக் கீழே வைத்துவிட்டார்கள். அன்றைக்கு மேற்கொண்டு பாடம் இல்லை. வீட்டுக்குப் போகும்போது என்னிடம் சொன்னார்கள்: “தூரத்து அநியாயத்துக்குக் கத்த வைப்பது சுலபம். நான் அதைப் பாடம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.” இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள் பிள்ளைகளே. நான் சொல்ல வந்தது இது இல்லை. ஆனாலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சொல்ல வந்தது கோமதி விஷயம்.

எங்கள் ஊரில் அம்மன் பேர் கோமதி என்பதால் வகுப்பில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கோமதி இருப்பாள். நெட்டைக் கோமதி, மூக்குத்திக் கோமதி என்று அடையாளம் வைத்துக் கூப்பிடுவோம். நான் சொல்லுகிறவள் ‘பஸ்ஸு கோமதி’. எழுத்துக் கூட்டத் தெரிந்த நாளிலிருந்து ரோட்டில் எந்த பஸ் போனாலும் போர்டை உரக்கப் படிப்பாள். “ராயகிரி, சிவகிரி, வாசுதேவநல்லூர்” என்று பாட்டுப் போலச் சொல்லிக்கொண்டு வருவாள். கூட வருகிற பிள்ளைகள், “ஏட்டி, நீ படிக்கலன்னா பஸ்ஸு வழி தெரியாம நின்னுருமா?” என்று கிண்டல் செய்யும். எட்டாம் வகுப்புப் பரீட்சையைத் தனியாக எழுதலாம் என்று பெரிய டீச்சர் ஒருநாள் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அவளுக்கு அதே நினைப்பு.

அவள் வயசுக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருக்காது. பதிமூன்றோ பதினாலோ. தகப்பனார் தறிக்குப் போகிறவர். தாயாருக்கு ஒரே ஒரு தம்பி, வாசுதேவநல்லூர் பக்கம் தென்னந்தோப்புக் காவலுக்கு இருந்தவர். முப்பது வயசுக்கு மேல் இருக்கும். அவர் பெண்சாதி பிரசவத்தில் போய்விட்டாள், கைக்குழந்தை மிஞ்சியது.

அந்தச் சமயத்தில்தான் பெரிய டீச்சர் பலகையில் ‘உரிமை’ என்று எழுதினார்கள்.

“இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்? தெரிந்தவர்கள் சொல்லலாம்.”

மூக்குத்திக் கோமதி கையைத் தூக்கி, “மாமா!” என்றாள்.

வகுப்பே உருண்டு சிரித்தது. தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள்கூட எழுந்து சிரித்தன. “எனக்கு ரெண்டு உரிமை டீச்சர், வடக்க ஒண்ணு தெக்க ஒண்ணு” என்றாள் ஒருத்தி. “எனக்கு ஒண்ணுமே கெடயாது, எங்கம்மா கூடப் பொறக்காதவ” என்றாள் இன்னொருத்தி. பெரிய டீச்சரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு அவர்கள், “அது இல்லை. உரிமை என்றால் பிறக்கும்போதே உனக்கு உள்ளது. உன்னைக் கேட்காமல் யாரும் எடுத்துக்கொள்ள முடியாதது” என்று விளக்கினார்கள். பிள்ளைகள் சேர்ந்து சொன்னார்கள்: “எனக்கு உரிமை இருக்கு.” தினமும் வகுப்பு முடியும்போது அதைச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள்.

பாளையங்கோட்டையில் எப்படியோ, எங்கள் தெருக்களில் உரிமை என்றால் முறை. அக்காள் மகள் தாய்மாமனுக்கு உரிமை. மாமன் மகள் அத்தை மகனுக்கு உரிமை. பெண் வயசுக்கு வந்தால் சடங்குக் குடிசைக்கு ஓலை கட்டுவது உரிமை உள்ளவன். அவனைக் கேட்காமல் வேறு இடத்தில் பெண்ணைக் கொடுத்தால் கல்யாணத்தன்றைக்கு வந்து வழியை மறிப்பான், ஊரும் அவன் பக்கம் நிற்கும். கிட்டங்கிக்குள்ளே அந்தச் சொல்லுக்குப் பாடத்தின் அர்த்தம் வந்துவிட்டிருந்தது. வாசலைத் தாண்டினால் அது பழைய அர்த்தத்துக்கே திரும்பிப் போய்விடும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கோமதி ஒருநாள் பஸ்ஸிலிருந்து இறங்கி போர்டு படிக்காமல் வந்தாள். என்னிடம் வந்து, “சின்ன டீச்சர், எங்க மாமாவுக்கு என்னயக் கேக்காவ. வெள்ளிக்கெழம பரிசம் போட வாராவளாம்” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மடியில் விரல்கள் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தன.

பெரிய டீச்சருக்குச் சொல்லி அனுப்பினேன். மறுநாளே வந்துவிட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் அவள் வீட்டுக்குப் போனோம். தாயார் அம்மியில் ஏதோ அரைத்துக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கெட்ட மனுஷி இல்லை அவள். அதை நீங்கள் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் வேலையில் எதிரே நிற்கிறவர்கள் பெரும்பாலும் கெட்டவர்களாக இருக்கமாட்டார்கள். அதுதான் கஷ்டம்.

“சின்னப் பிள்ளையம்மா அவள்” என்றார்கள் பெரிய டீச்சர்.

“அதவிடச் சின்னப் பிள்ள ஒண்ணு அங்கன தாயில்லாமக் கெடந்து அழுவுது டீச்சர். எந் தம்பி அதத் தோள்ல போட்டுக்கிட்டுத் தோப்புல ராவும் பகலும் நடக்கான். வேற ஒருத்தி வந்தா அந்தப் பிள்ளயப் பாப்பாளா? எம் மவளா இருந்தாப் பாத்துக்கிடுவா. அது அவளுக்கும் ரத்தம்லா.”

தகப்பனார் வாசலில் நின்றபடியே சொன்னார்: “டீச்சரம்மா, மாமன் உரிமைய நான் இல்லன்னு சொல்லிட்டேன்னு வைங்க. அன்னைக்கோட எம் பொண்டாட்டி பொறந்த வீட்டு நடைய மிதிக்க முடியாது. நாளைக்கு இவளுக்கு ஒரு நல்லது பொல்லதுன்னா கோடித்துணி எடுத்து வர ஆளு யாரு?”

பெரிய டீச்சர் சட்டம் சொன்னார்கள். பெண்ணுக்குப் பதினெட்டு ஆக வேண்டும் என்று சட்டம் வந்து அப்போது கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் சத்தம் கேட்டு அவள் பெரியப்பா வந்துவிட்டார். தெருவில் நியாயம் பேசுகிற மனுஷர் அவர். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

“வேதக்காரவுக நீங்க. பிள்ளையளுக்கு நல்லது சொல்லித் தாறீக. நான் இல்லங்கல” என்றார். “இப்ப என்ன செய்யணுங்கீக?”

“அவளைக் கேளுங்கள். அது போதும்” என்றார்கள் பெரிய டீச்சர்.

“கேட்டாப் போச்சு. ரகசியமா என்னத்துக்கு? சபையில வச்சுக் கேக்கேன். அவ வாயால என்ன சொல்லுதாளோ அதான் முடிவு. அதுக்குமேல எந் தம்பியும் பேசமாட்டான், சம்பந்தக்காரனும் பேசமாட்டான். சரியா?”

இதைவிட நியாயமாக ஒருவர் பேச முடியுமா? திரும்பி வரும்போது பெரிய டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். “பாதிக் கிணறு தாண்டிவிட்டோம்” என்றார்கள்.

வியாழக்கிழமை கிட்டங்கியில் கோமதியை நிற்க வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். எனக்கு உரிமை இருக்கு. எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம். இரண்டு வாக்கியம். “முதலில் காரணத்தைச் சொல்ல வேண்டும், பிறகு கேட்பதைக் கேட்க வேண்டும். அப்போதுதான் பெரியவர்களுக்கு மரியாதையாக இருக்கும்” என்றார்கள். கோமதி நன்றாகச் சொன்னாள். பிள்ளைகள் கைதட்டினார்கள். நெட்டைக் கோமதி மட்டும், “பாத்துட்டி, பாதியில பஸ்ஸு போர்டு படிச்சிராத” என்றாள். அவளும் சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரம். வீட்டு முன்னால் ஜமுக்காளம் விரித்து ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தட்டுகள், அதில் புடவை, பழம், வெற்றிலை. பெண்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். நான் அவர்களோடு நின்றேன். பெரிய டீச்சருக்கு மட்டும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். மாப்பிள்ளை, அதுதான் அந்த மாமன், ஓரத்தில் இருந்தார். குழந்தை அவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. கோமதியைக் கொண்டுவந்து அவருக்குப் பக்கத்திலேதான் நிறுத்தினார்கள்.

பெரியப்பா சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். கையை உயர்த்திப் பேச்சை நிறுத்தினார்.

“எல்லாரும் கேளுங்க. காலம் மாறுது. பிள்ளயக் கேட்டுட்டுத்தான் தட்டு மாத்தணும்னு நான் சொல்லிருக்கேன். ஏட்டி கோமதி, பயப்படாமச் சொல்லு. மாமன் வந்திருக்கான். நீ என்ன சொல்லுத?”

கோமதி தலையை நிமிர்த்தினாள். கிட்டங்கியில் சொன்னது போலவே, கணீரென்று சொன்னாள்:

“எனக்கு உரிமை இருக்கு.”

வெடித்தது சிரிப்பு. “அடி ஆத்தா!” என்றார் ஒரு கிழவர். “நாம கேக்குமுன்ன பிள்ளயே உரிமை கொண்டாடுது பாத்தீயளா!” “மாமன விட்டுக் குடுக்கமாட்டாளாம்வே!” என்று இன்னொருவர் தொடையில் தட்டினார். பெண்கள் குலவை போட்டார்கள். ஒருத்தி ஆரம்பிக்க எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். எங்கள் தெருப் பெண்கள் குலவை போட்டால் கோவில் ரத வீதி வரை கேட்கும்.

அந்தக் குலவைக்குள்ளே அவள் இரண்டாவது வாக்கியத்தைச் சொன்னாள். நான் அவள் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வேண்டாம் என்கிறபோது உதடு சேர்ந்து மூடுகிறது இல்லையா, அதைப் பார்த்தேன். திரும்பவும் சொன்னாள். குரலும் எனக்கு ஒருதரம் எட்டியது. அவளுக்கு ஆகப் பக்கத்தில் இருந்தவர் அந்த மாமன். அவர் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். அவருக்குக் கேட்டது என்றே நினைக்கிறேன். பிறகு குனிந்துகொண்டு குழந்தையின் முதுகைத் தட்ட ஆரம்பித்தார்.

எனக்குப் பக்கத்தில் நின்ற பெண் என்னை இடித்து, “மைனி, நீங்களும் ஒரு குலவ போடுங்களேன்” என்றாள்.

“அவ வேண்டாம்னு சொல்லுதா” என்றேன்.

“வெக்கத்துல சொல்லுவா மைனி. நாங்க சொல்லலயா அன்னைக்கு?”

நான் பெண்களைத் தள்ளிக்கொண்டு ஜமுக்காளத்துக்கு வந்தேன். ஆண்கள் இருக்கிற சபையில் என் வாழ்நாளில் நான் நுழைந்தது அந்த ஒருமுறைதான். “அண்ணாச்சி, பிள்ள வேண்டாம்னு சொல்லுது” என்று சொன்னேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. இரண்டாம் தரம் கத்திச் சொன்னேன். தட்டு கை மாறிக்கொண்டிருந்தது.

பெரியப்பா என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. “என்னம்மா நீங்க? கேக்கணும்னு சொன்னீக, கேட்டேன். உரிமை இருக்குன்னு அவ வாயால சொன்னா. ஊரே கேட்டுச்சு.”

“இன்னொரு தடவ கேளுங்க அண்ணாச்சி.”

“தட்டு மாத்தியாச்சும்மா. இனி கேட்டா, வந்தவன அடிச்ச மாதிரி.”

நான் திரும்பிப் பெரிய டீச்சரிடம் போனேன். அவர்கள் நாற்காலியில் கண் கலங்கிச் சிரித்தபடி இருந்தார்கள். “பார்த்தாயா, என்ன தெளிவாகச் சொன்னாள்! எல்லாரும் எவ்வளவு சந்தோஷமாக ஏற்றுக்கொண்டார்கள்!” என்றார்கள். குலவை அவள் தைரியத்துக்கு என்று நினைத்துவிட்டார்கள். நான் காதில் சொன்னேன், இந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று. அவர்கள் முகத்திலிருந்து சிரிப்பு உடனே போகவில்லை. அங்கேயே இருந்து செத்தது.

பிறகு ஓடினோம். பெரிய டீச்சர் தெரிந்த வக்கீலிடம் போனார்கள். வயசுக்கு அத்தாட்சி உண்டா என்று கேட்டாராம். அவள் பிறந்ததை யார் எங்கே பதிந்தார்கள்? பள்ளிக்கூடத்திலும் பேர் இல்லை. எதிர்த்தரப்பில் சாட்சிக்கு ஒரு தெருவே இருக்கிறது, பெண்ணே சபையில் ஒத்துக்கொண்டாள் என்று. ஆனாலும் மனுக் கொடுத்துப் பார்க்கலாம் என்றார். அதற்குள் தெருவில் செய்தி பரவி, பிள்ளைகள் கிட்டங்கிக்கு வருவது பாதியாகக் குறைந்துபோயிற்று.

பெரிய டீச்சர் என்னிடம், “நீ போய் அவளைக் கேள். இந்த முறை நான் முடிவு செய்யமாட்டேன்” என்றார்கள். நான் தீப்பெட்டி ஆபீஸ் பஸ் வரும் இடத்தில் காத்திருந்து கேட்டேன்.

“கேஸு குடுத்தா கெணத்துல விழுந்துருவேன்னு எங்கம்மா சொல்லுதா டீச்சர். விழுந்தாலும் விழுந்துருவா” என்றாள். “விட்டுருங்க.”

விட்டுவிட்டோம். நீங்களாக இருந்தால் விட்டிருக்கமாட்டீர்கள். உங்களுக்குக் கூப்பிட ஆள் இருக்கிறது, பிள்ளையைக் கொண்டுபோய் வைக்க இடம் இருக்கிறது. எங்களுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போக என் வீட்டைத் தவிர இடம் இல்லை, என் வீடு அதே ரோட்டில் இருந்தது. நாங்கள் செய்தது சரியா என்று எனக்கு இன்னும் தெரியாது. தெரியும் என்று உங்களிடம் சொல்லமாட்டேன்.

கல்யாணத்துக்குப் போனேன். பெரிய டீச்சரால் வர முடியவில்லை. தாலி கட்டி முடிந்து பெண்ணைச் சுற்றிப் பெண்கள் நின்றார்கள். நான் பக்கத்தில் போனதும் கையைப் பிடித்துக் குனியச் சொன்னாள். மாலைக்கு நடுவே முகம் சின்னதாகத் தெரிந்தது.

“சின்ன டீச்சர், நான் சரியாத்தான சொன்னேன்? பாடத்துல உள்ள மாதிரியே?”

“சரியாத்தாம்ட்டி சொன்ன” என்றேன். அது உண்மை. அவள் ஒரு எழுத்துக்கூடத் தப்பாகச் சொல்லவில்லை.

பெரிய டீச்சர் அடுத்து வந்த அன்றைக்குப் பலகை பக்கமே போகவில்லை. பிள்ளைகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து, “இனி நான் ஒரு சொல் சொன்னால் முதலில் நீங்கள் எனக்குச் சொல்லுங்கள், உங்கள் வீட்டில் அதற்கு என்ன அர்த்தம் என்று” என்றார்கள். சுதந்திரம் என்றார்கள். “அவுத்து விட்ட மாடு” என்றது ஒரு பிள்ளை. சமம் என்றார்கள். “தரை மேடு பள்ளமில்லாம இருக்கது.” நீதி என்றார்கள். ஒரு பிள்ளைக்கும் தெரியவில்லை, கேள்விப்பட்டதே இல்லை என்றார்கள்.

அதற்குப் பிறகு கிட்டங்கியில் ஒரு புதுப் பாடம் நடந்தது. அதை யாரும் புத்தகத்தில் போட்டிருக்கமாட்டார்கள். ஒரு பிள்ளை அந்தக் கோடிச் சுவரில் போய் நிற்கும். மற்றப் பிள்ளைகள் எல்லாம் இந்தக் கோடியில் நின்று குலவை போடும். அந்தக் குலவைக்கு மேலே கேட்கும்படி அவள் ‘வேண்டாம்’ என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்தான். முன்னாலும் ஒன்றும் இல்லை, பின்னாலும் ஒன்றும் இல்லை. முதலில் எல்லாரும் சிரித்துச் சிரித்து விழுந்தார்கள். “ஏட்டி, தொண்டையில முள்ளு சிக்கிட்டா? கத்துட்டி!” என்று சண்டை போட்டார்கள். பிறகு சிரிப்பு குறைந்துவிட்டது. சில பிள்ளைகளுக்குச் சத்தம் வரவே வராது. வாயைத் திறப்பார்கள், கண்ணில் தண்ணீர்தான் வரும். அவர்களிடம் பெரிய டீச்சர், “சத்தம் வராவிட்டால் உட்கார்ந்துவிடு. நிற்க வைத்தால் உட்கார். தூக்கினால் மறுபடி உட்கார். அது எல்லார் கண்ணுக்கும் தெரியும்” என்றார்கள்.

மூக்குத்திக் கோமதி அப்படித்தான் உட்கார்ந்தாள். தூக்கத் தூக்க உட்கார்ந்தாள். அவளுக்கு நடக்க இருந்த கல்யாணம் நின்றது. அதற்காக அவள் வாங்கிய அடியில் ஒரு காது சரியாகக் கேட்காமலே போயிற்று. நெட்டைக் கோமதி கத்தினாள், எல்லாருக்கும் கேட்டது, அப்படியும் கட்டி வைத்தார்கள். பாடம் பலித்தது என்று உங்களிடம் சொல்லிவிட்டுப் போக எனக்கு ஆசைதான். பலித்த கதை அவ்வளவுதான்.

பஸ்ஸு கோமதியைப் பிறகு ஒரே ஒருமுறை பார்த்தேன். ராஜபாளையம் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தேன். வாசுதேவநல்லூரில் பஸ் நின்றது. கீழே அவள். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. கொஞ்சம் பெரிய பெண் ஒருத்தி அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அந்தத் தாயில்லாத குழந்தையாக இருக்க வேண்டும். கோமதி என்னைவிட வயசானவள் போல இருந்தாள். பஸ்ஸின் நெற்றியை அண்ணாந்து பார்த்தாள். உதடு அசைந்தது. படிக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. நான் கூப்பிட வாயெடுப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

எழுத வந்தது முடிந்தது. இதில் சரிபார்க்க வேண்டியவை நிறைய இருக்கும். பதினெட்டு வயசுச் சட்டம் அப்போதே வந்துவிட்டதா என்று படித்தவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள். பரிசம் வெள்ளிக்கிழமைதானா என்பதிலும் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. பெரிய டீச்சர் இப்போது இல்லை, கேட்க முடியாது. கேட்கக்கூடிய ஒரே ஆள் கோமதிதான். உங்களில் வாசுதேவநல்லூர் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் விசாரித்தால் தோப்புக்காரர் வீடு என்று யாராவது காட்டுவார்கள். குலவைக்கு நடுவே அவள் எத்தனை தரம் வேண்டாம் என்று சொன்னாள் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. எனக்குக் கேட்டது ஒன்று.

ஆனால் போனவுடன் அதைக் கேட்டுவிடாதீர்கள். அந்த நாளைப் பற்றிப் பேச இஷ்டமா என்று முதலில் கேளுங்கள். அவள் வேண்டாம் என்றால், அது உங்களுக்குக் கேட்டது என்று அவளுக்குத் தெரியும்படி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்துவிடுங்கள்.